கோடு போட்ட இடம்

ஹைதராபாத் பேகம்பேட்டில் பழைய விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. விமானம் இறங்கும்போது எங்கள் கண்ணாடி ஜன்னல்கள் லேசாக அதிரும். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவதை, நாங்கள் காதில் வாங்கி எழுத்தாக அடித்துக் கொடுக்க வேண்டும். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். பெடலை மிதித்தால் குரல் ஓடும், குதிகாலால் அழுத்தினால் பின்னுக்குப் போகும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மதியம் இரண்டுக்கு முடியும்.

நான் இந்த வேலைக்கென்று வந்தவன் அல்ல. பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்துவிட்டு, அமீர்பேட்டில் ஜாவா கற்க வந்தேன். நான் சான்றிதழ் வாங்கவும் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை வற்றவும் சரியாக இருந்தது. ஊருக்குத் திரும்பினால் மானம் போய்விடும். தவளை அறுத்த காலத்தில் மனப்பாடம் செய்த உறுப்புகளின் பெயர்கள் கைகொடுத்தன, இங்கே சேர்ந்துவிட்டேன். சேர்ந்த மூன்றே மாதத்தில் எல்லாரையும்விட வேகமாக அடித்தேன். அதைப் பற்றி எனக்குக் கர்வமும் இருந்தது, மறைக்கவில்லை.

பயிற்சியில் ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு சொல் விளங்கவில்லை என்றால் அந்த இடத்தில் ஐந்து அடிக்கோடு போட்டு, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். டாக்டர் அதைப் பார்த்துத் தானே நிரப்பிக்கொள்வார். விதி அப்படி இருந்தாலும் கோடு போட்ட அறிக்கையை யாருக்கும் பிடிக்காது. எங்கள் டீம் லீட் தெலுங்கர், நல்ல மனிதர். முழுசாக முடிந்ததா என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வி, "கம்ப்ளீட் அயிந்தா?" கோடே இல்லாமல் கொடுப்பவர்களுக்கு அறிவிப்புப் பலகையில் பெயருக்கு நேரே ஒரு வெள்ளி நட்சத்திரம் ஒட்டுவார். என் பெயருக்கு நேரே நட்சத்திரங்கள் இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தன.

என் பக்கத்து மேஜையில் இருந்தவளுக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லை. எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவள். சிகந்திராபாத் ரயில்வே காலனித் தமிழ்ப்பெண், அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மூன்று தலைமுறைக்கு முன் எங்கள் பக்கத்திலிருந்து போன குடும்பம். அவள் பேசும் தமிழில் 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'எதற்கு' என்பதற்கு 'கைக்கு'. முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. நான் ஜீரோவை 'சீரோ' என்று சொல்வதைக் கேட்டு அவள் சிரிக்காமல் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

அவள் ஒரு சொல்லைப் பதினோரு முறை கேட்பாள். கண்ணை மூடிக்கொண்டு, பெடலை மெதுவாக விட்டு விட்டுப் பிடிப்பாள். பிடிபட்டால் எழுதுவாள். பிடிபடாவிட்டால் ஒரு கோடு, பக்கத்தில் நேரம். அவ்வளவுதான். முகத்தில் தோற்ற சாயல் எதுவும் இருக்காது. இரண்டு முறை பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லாமல் போனது. 'கோடு மேடம்' என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன்.

ஒருவர் அடித்ததை அனுப்பும் முன் இன்னொருவர் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு வந்தது. எனக்கு ஜோடி அவள். முதல் வாரத்திலேயே வினை வந்தது. பக்கவாதம் வந்த ஒரு மூதாட்டியைப் பற்றிய அறிக்கை. அதில் ஒரு சொல் வரும் இடத்தில் டாக்டர் சரியாக இருமிவிட்டார். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்கள் உண்டு. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்க முடியாமை, டிஸ்ஃபேஷியா என்றால் பேச முடியாமை. என் காதுக்கு ஜ, ஷ, ச எல்லாம் ஒரு தாய் மக்கள். நான் யோசிக்காமல் விழுங்க முடியாமை என்று அடித்துவிட்டேன். அவள் அதை அழித்துவிட்டுக் கோடு போட்டு அனுப்பினாள். அன்று என் பெயருக்கு நேரே நட்சத்திரம் இல்லை.

காபி மெஷின் பக்கத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு வரி தள்ளி, மென்மையான சாப்பாடு குடுக்கணும்னு டாக்டர் சொல்றாருல்ல? அப்ப விழுங்க முடியாமைதானே? இது தெரியாதா உனக்கு?" என்றேன். கோபத்தில் 'நீங்க' 'நீ' ஆகிவிட்டிருந்தது.

"கைக்கு கோபம்? அது நீங்க யோசிச்சது. யோசிச்சது நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த எடத்துல எனக்கு இருமல் மட்டும்தான் கேட்டுச்சு."

மூன்று நாள் கழித்து டாக்டர் நிரப்பி அனுப்பிய பிரதி வந்தது. விழுங்க முடியாமை. என் ஊகம்தான் சரி. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் போய், இரண்டு பேர் பார்க்கும்படி வைத்தேன். அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஹவ், சரிதான்."

"அப்ப நான் எழுதினதை அழிச்சது தப்புன்னு ஒத்துக்கோங்க."

"அன்னைக்குச் சொன்னது நீங்க. இன்னைக்குச் சொன்னது டாக்டர்," என்றாள். குரலில் வீம்பு இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள்.

அந்த எரிச்சலில், என் நட்சத்திர அறிக்கைகளில் ஒன்றை எடுத்து மறுபடி கேட்டேன். அவள் சொல்வது தப்பு என்று எனக்கே நிரூபிக்கத்தான். நான் அடித்திருந்த நான்கு சொற்கள் அந்தக் குரலில் எங்கேயும் இல்லை. அவற்றில் ஒன்று, 'மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை' என்ற வரி. அந்த டாக்டர் ஒவ்வொரு அறிக்கையிலும் சொல்கிற வரி அது, என் விரல்களுக்குப் பழகிப்போனது. அன்றைக்கு மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. மறந்தாரா, கேட்கவில்லையா, வேண்டுமென்றே விட்டாரா என்று எனக்குத் தெரியாது. யாரும் கொடுக்காத உறுதியை, முகம் தெரியாத ஒரு மனிதரைப் பற்றி, நான் இங்கே உட்கார்ந்துகொண்டு கொடுத்திருந்தேன். அறிக்கையில் ஒரு இடமும் காலியாக இல்லை. பார்க்க அழகாக இருந்தது.

அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, திருத்தக் கடிதம் எழுத உதவினாள். பிறகு லீடிடம் போய் நானே சொல்ல வேண்டும் என்றாள். சொன்னேன். அவர் முகம் சுருங்கியது, ஆனால் கடிதத்தை அனுப்பினார். அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து நானும் கோடு போட ஆரம்பித்தேன். என் வேகம் குறைந்தது. அவளைப் பார்ப்பது கூடியது.

ஹைதராபாத்தில் யாரிடம் வழி கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். தெரியாது என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைக்கிற ஊர். மாதாப்பூரில் புதிது புதிதாகக் கட்டடங்கள் முளைத்த காலத்தில், வழி கேட்ட ஒருவனை மூன்று பேர் மூன்று பக்கம் அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். அவளிடம் கேட்டால் "தெரியாது, ஆனா அந்தப் பழக்கடைக்காரருக்குத் தெரியும்" என்பாள். அவள் சொன்ன தெரியாதுகளை நான் சேர்த்துவைக்க ஆரம்பித்தேன். என்னைப் பிடித்திருக்கிறதா என்று ஒருநாள் கேட்டபோதும் "இப்ப தெரியாது" என்றாள். நான்கு மாதம் கழித்து, நான் கேட்காதபோது, பஸ் நிறுத்தத்தில் "ஹவ்" என்றாள். எதற்கு ஹவ் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அவள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் வேறு யாருடைய சத்தியமும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஊரில் அம்மாவிடம் சொன்னேன். சாதி ஒன்றாக இருந்தது. அதை என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஜாதகம் பார்க்க வேண்டும், அதையும் எங்கள் ஊர் ஜோசியர்தான் பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. என் அக்காவுக்குப் பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் சொன்னதை நம்பிக் கட்டிக் கொடுத்தோம். அக்கா ஒரே வருடத்தில் திரும்பி வந்துவிட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் கல்யாணம் என்ற பேச்சே வராது. அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதை மீறி நடக்க என்னால் முடியாது, மீறி வரவும் அவள் சம்மதிக்க மாட்டாள். இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

ஜாதகம் கேட்டேன்.

"பொறந்த தேதி இருக்கு. நேரம் இல்ல," என்றாள்.

அவள் ரயிலில் பிறந்தவள். காஜிப்பேட்டிலிருந்து சிகந்திராபாத் வரும் வழியில், குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பாகவே அவள் அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. பெட்டியில் இருந்த பெண்கள் சேலைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டார்கள். காலனி வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடமே கேட்டேன்.

"காஜிப்பேட்ல ஏறும்போது மணி மூணு. அப்ப பொறக்கல. சிகந்திராபாத்ல எறங்கும்போது அஞ்சரை, கையில கொழந்தை இருந்துச்சு. நடுவுல எப்பன்னு கேட்டா, நான் ரயில் கார்டைத் தேடி ஓடிட்டிருந்தேன் தம்பி. வாட்ச் பாத்திருந்தா சொல்லிருவேன். பாக்கல."

"உத்தேசமா ஒரு நேரம்?"

"பாக்கலையே," என்றார் மறுபடி. ரயிலை நம்பிப் பிழைத்த மனிதர், நேர விஷயத்தில் உத்தேசம் சொல்ல மாட்டார் போலிருக்கிறது. மகள் யாரிடமிருந்து வந்தவள் என்பது எனக்குப் புரிந்தது.

நான் அமீர்பேட்டுக்குப் போனேன். ஜாவா, ஆரக்கிள் பலகைகளுக்கு நடுவே 'கம்ப்யூட்டர் ஜாதகம், ஆறு மொழிகளில்' என்று ஒரு பலகை உண்டு. கடைக்காரர் பெயர், ஊர், தேதி எல்லாம் அடித்தார். நேரத்தைக் காலியாக விட்டு அடுத்ததுக்குப் போகச் சொன்னேன். கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தியது. அந்தக் கட்டம் நிரம்பாமல் அது ஒரு அடி நகராது.

"டைம் செப்பண்டி சார், ஏதோ ஒகட்டி," என்றார். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று பொருள்.

மூன்றிலிருந்து ஐந்தரை வரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். நாலரைக்கு மேல் போட்டால் லக்னம் மாறி, செவ்வாய் எட்டில் வந்து உட்கார்ந்தது. எட்டில் செவ்வாய் என்றால் தோஷம், எங்கள் ஜோசியர் கட்டத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். நாலு பத்துக்குப் போட்டால் செவ்வாய் ஒன்பதுக்குப் போய்விடும், தோஷம் இல்லை, என் ஜாதகத்தோடு ஏழு பொருத்தம். நாலு பத்து இருக்கவும் கூடும் அல்லவா? பொய் என்று யார் சொல்ல முடியும்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாலு பத்து என்று அச்சடிக்கச் சொன்னேன். பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு பிரதி கொடுத்தார். தாளின் மேலே பிள்ளையார், நான்கு மூலையிலும் மஞ்சள்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவளிடம் கொடுத்தேன். அவள் அலுவலக அறிக்கையைப் பார்ப்பது போலவே வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இந்த நாலு பத்து எங்கேர்ந்து வந்துச்சு?"

"அந்த ரெண்டரை மணி நேரத்துக்குள்ளதானே இருக்கு. சரியாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்," என்றாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"வேலையில கோடு போடுங்க, வேண்டாங்கல. இது நம்ம கல்யாணம். ஒரே ஒரு கட்டம். அதை நிரப்பலைன்னா எல்லாம் போயிடும்."

அவள் கண் கலங்கியது. அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "போயிடும்னு எனக்கும் பயமா இருக்கு," என்றாள். "ஆனா உங்க அம்மா இதை நம்பி முடிவு பண்ணப் போறாங்க. பொய்யான பேப்பரை நம்பி நான் அவங்க வீட்டுக்குள்ள வர்றது நக்கோ. நேரத்தால மாறுறது இதுல எது எதுன்னு காட்டுங்க."

காட்டினேன், நாலரையைத் தாண்டினால் செவ்வாய் எட்டுக்கு வந்துவிடும் என்பதையும் சொன்னேன். அவள் பேனாவை எடுத்து நேரத்தை அடித்தாள், லக்னத்தை அடித்தாள், 'செவ்வாய் ஒன்பதில்' என்ற வரியை அடித்தாள். ஒவ்வொன்றின் மேலும் ஐந்து கோடு போட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது. ஓரத்தில் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதி, "இதான் என் ஜாதகம்," என்று கையில் கொடுத்தாள். இன்னொரு பிரதி என் பையில் இருந்தது. அதை அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது மறதியால் அல்ல என்று இன்றும் நினைக்கிறேன்.

ஊருக்குப் போகும் வழியெல்லாம் இரண்டு தாளும் மடியில் இருந்தன. வீட்டுக்குப் போனதும், இன்னும் எதை எடுப்பது என்று முடிவாகாமலே, கோடு போட்டதை எடுத்துக் கொடுத்தேன். அம்மா அடுப்படியில் இருந்தபடியே வாங்கிப் பார்த்தாள்.

"ஏல, என்னல இது, கட்டத்துல எல்லாம் அடிச்சு வச்சிருக்கு? ஓரத்துல இங்கிலீசுல என்ன எழுதியிருக்கு? வாசி."

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த மூன்று வரியை நான் எப்படி வாசித்தாலும் அதுதான் அவளுக்கு ஜாதகம். நாலு பத்து என்று வாசித்திருக்கலாம். தொண்டை வரை வந்தது. அந்த இடத்தில் எனக்கு இருமல் மட்டும்தான் கேட்டது என்று சொன்ன குரலும் கூடவே வந்தது.

"'மூணு மணிக்கும் அஞ்சரைக்கும் நடுவுல, காஜிப்பேட்டுக்கும் சிகந்திராபாத்துக்கும் நடுவுல பொறந்தேன். யாரும் மணி பாக்கல. நாலரைக்கு அப்புறம்னா செவ்வாய் எட்டுல, முன்னாடின்னா இல்ல, எதுன்னு எனக்குத் தெரியாது'ன்னு எழுதியிருக்கா," என்றேன்.

"செவ்வாய் எட்டுல இருக்கலாம்னு அவளே எழுதுனாளா?"

"ஆமா. நான் நல்லதா ஒரு நேரம் போட்டுத்தான் கொண்டு போனேன். அவ அடிச்சிட்டா." பையிலிருந்து சுத்தமான பிரதியையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அக்கா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்க அக்காவுக்கு வந்த மாப்பிள்ளை ஜாதகம் இருக்குல்லா, அது நம்ம பிள்ளை ஜாதகத்துக்குத் தோதா எழுதுனது. மாப்பிள்ளைக்கு அத்தைக்காரி பொறவு எங்கிட்ட சொல்லிட்டா. இவளுக்குத் தெரியாது, நீயும் சொல்லிராத." சுத்தமான பிரதியைப் பிள்ளையார் படத்தோடு தள்ளி வைத்தாள். "அந்த ஜாதகத்துலயும் ஒரு எடம்கூட காலியா இல்லல."

பிறகு சோறு போட்டாள். கை கழுவும்போது, "ஜோசியர்ட்ட நான் பேசிக்கிடுதேன். அந்தப் பிள்ளைக்கு நம்ம சாப்பாடு புடிக்குமான்னு கேட்டுச் சொல்லு," என்றாள்.

ஹைதராபாத் திரும்பியதும் அவளிடம் கேட்டேன். சாப்பிட்டுப் பார்க்காமல் தெரியாது என்றாள். அதைச் சொன்னதும் அம்மா போனிலேயே வாய்விட்டுச் சிரித்தாள். அக்கா திரும்பி வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு ஊருக்குப் போனபோது, அடுப்படி ஆணியில் ஒரு தாள் குத்தியிருந்தது. நாலு பத்துக்குப் பிறந்தவளின் ஜாதகம். அதன் பின்பக்கத்தில் அம்மா தன் குண்டு எழுத்தில் கல்யாணச் சாமான் எழுதியிருந்தாள். அரிசி, பருப்பு, வாழைத்தார், இலை என்று ஒவ்வொன்றுக்கும் நேரே கணக்கு இருந்தது. கடைசி வரி, 'ஹைதராபாத்துக்காரங்க எத்தனை பேர்'. அம்மா எப்போதும் அந்த மாதிரி இடத்தில் ஒரு ஐம்பது என்று எழுதிவிடுகிறவள். அன்றைக்கு அதற்கு நேரே எண் எதுவும் இல்லை. சின்னதாக, கொஞ்சம் கோணலாக, ஒரு கோடு போட்டிருந்தாள்.